இருபத்தோரு பேருக்கு ஒரு திமிங்கிலம்

இதனால் சொந்தபந்தங்கள் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நாளைக் காலை ஆறரை மணிக்குத் திமிங்கிலம் தோன்றும். ஏழே காலுக்கு மறையும். அதற்குள் படம் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அமைப்பாளர் பொறுப்பல்ல.

சுற்றறிக்கையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அட்டவணையார் படிக்கட்டைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்த அந்தத் தீவு வீட்டின் பின்வாசலிலிருந்து பத்துப் படிகள் நேரே குடாவுக்குள் இறங்கின. சாப்பிட்டுக் கை கழுவியபோது ஆறு படிகள் வெளியே தெரிந்தன. இப்போது நான்கு. அச்சடித்த கடல் ஏற்ற இறக்கக் கணக்குப்படி ஒரு மணியிலிருந்து கடல் வடிய வேண்டும். மணி மூன்று. காற்றும் இல்லை, அலையும் இல்லை. கடல்தான் தப்பு செய்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

அலுவலகத்தில் அவர் துறைத் தலைவர். குடிதண்ணீர் கேனை யார் எப்போது கவிழ்ப்பது என்பதற்கே மூன்று பக்கம் உத்தரவு போட்டவர். அட்டவணையார் என்பது மச்சான் வைத்த பெயர். மூன்று வருஷத்துக்கு முன் அவர் ஏற்பாடு செய்த அருவிப் பயணத்தில், அருவி எலும்பும் தோலுமாய்க் காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் மச்சான் அந்தக் கதையை எடுக்காமல் இருந்ததில்லை. ஆகவே இம்முறை திமிங்கிலம் வந்தே தீர வேண்டும். அதற்குச் சம்மதமா என்று திமிங்கிலத்தை யாரும் கேட்கவில்லை.

திமிங்கிலம் காட்டப் பேசி வைத்திருந்த படகோட்டியிடம் காலையில் உத்தரவாதம் கேட்டிருந்தார். அந்த மனுஷர் பல் குத்திக்கொண்டே சிரித்தார். திமிங்கிலம் ஒரு மூச்சு விட்டால் அடுத்த மூச்சுக்கு மேலே வர அரை மணி நேரம் ஆகுமாம், அதுவரை ஒரு மைக்கைத் தண்ணீருக்குள் இறக்குவார்களாம், சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் படகைத் திருப்புவார்களாம், அவ்வளவுதான் தொழிலாம். வரவழைக்க வழியே இல்லையா என்று இவர் விடாமல் நச்சரித்தபோது அவருடைய சிரிப்பு நின்றது.

“நாங்க கேப்போம் சார். கூப்பிட மாட்டோம்.”

முன்முயற்சி இல்லாத ஆள் என்று அட்டவணையார் மனதுக்குள் குறிப்பெழுதிக்கொண்டார்.

மதியம், இரவு வந்து இறங்கப்போகும் இருபத்தோரு பேர் பட்டாளத்துக்குச் சாமான் வாங்க மனைவி கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். பாப்பா தூங்குது, திமிங்கிலத்தைக் கொஞ்சம் விட்டுட்டு பெத்த பொண்ணைப் பாருங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பார்த்தார். ஆறு வயது மகள் பின்னறைக் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கடமை முடிந்தது. உடனே, நீர் புகாத ஸ்பீக்கர் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குடாவுக்குள் இறக்கினார். இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஒலி: தாயைத் தொலைத்த திமிங்கிலக் குட்டியின் அழுகை. பட்டியலில் அதற்குத்தான் ஐந்து நட்சத்திரம் இருந்தது. ஒரு மணி நேரம், திரும்பத் திரும்ப, ஒத்திகை.

அந்த ஒரு மணி நேரம் இப்போது முடிந்திருந்தது. கயிற்றை இழுத்தார். ஸ்பீக்கர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அணைத்தார்.

அழுகை நின்றதும்தான் மற்றதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது தெரிந்தது. எதிர்க்கரையில் கத்திக்கொண்டிருந்த பறவைகள், படித்துறையில் தண்ணீர் சப்புக்கொட்டும் ஓசை, எங்கோ ஓடிய மோட்டார் என்று ஒவ்வொன்றாக யாரோ மடித்து உள்ளே எடுத்து வைத்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு ஒரு வாடை வந்தது. மீன் வாடை இல்லை. பழைய நெய்யையும் ரத்தத்தையும் ஒன்றாகச் சுட வைத்தாற்போல் கனத்து, தொண்டையில் படிகிற வாடை. அதன் பிறகு ஒரு முனகல். காதில் விழவில்லை. உள்ளங்காலில் ஏறியது, முழங்காலில் நின்றது, கடைவாய்ப் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்று படிகள்தான் தெரிந்தன.

தப்பு கடலுடையது இல்லை என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. வாளிக்குள் கையை விட்டால் தண்ணீர் மேலே ஏறும். அந்தப் பாடம் மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது.

படகோட்டிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லப் பார்த்தார், ஸ்பீக்கரை இறக்கியதையும் சொல்ல வேண்டி வந்தது.

“எதைப் போட்டீங்க?”

“குட்டியோட சத்தம். அம்மாவைத் தேடுற மாதிரி…”

படகோட்டி மெதுவாகச் சொன்னார். தாய் அவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுமனே திரும்பாதாம். குட்டி என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டுமாம்.

“அங்க குட்டி ஒண்ணும் இல்லையே சார்?”

“இங்க எப்படிய்யா இருக்கும்,” என்றார் அட்டவணையார்.

சொன்ன பிறகுதான் பாப்பா நினைவுக்கு வந்தாள்.

பின்னறைக்கு ஓடினார். கட்டில் காலி. தலையணையில் தலை வைத்த பள்ளம். போர்வையில் இன்னும் சூடு. அந்த அறைக்குத் தனியாக ஒரு கதவு உண்டு, தண்ணீருக்குள் இறங்கத் தனியாகப் படிகள் உண்டு. கதவு திறந்திருந்தது.

முதல் படியில் அவள் செருப்பு. ஜோடியாக.

தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. அதற்கு அடியில், எட்டாம் படியில், பாப்பா உட்கார்ந்திருந்தாள். முடி மேலே மிதந்தது. கண் திறந்திருந்தது. கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குடாவின் நிறம் ஓரிடத்தில் மட்டும் கறுத்திருந்தது. அந்த இடம் முடியும் விளிம்பை அவர் கண் தேடியது. விளிம்பு இல்லை.

குதித்தார். அள்ளினார். மேலே இழுத்தார்.

கறுப்பு அசையவில்லை. தடுக்கவும் இல்லை.

குழந்தையின் உடம்பு கொதித்தது. உதட்டிலும் தாடையிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. வெண்ணெய்போல் கெட்டி. தண்ணீர் ஊற்றித் துடைத்தார். கரையவில்லை. அந்த வாடை அதிலிருந்துதான் வந்தது.

“ஏம்ப்பா தூக்குனீங்க,” என்றாள் பாப்பா, தூக்கக் கலக்கத்தில். “இன்னும் குடிச்சு முடிக்கல.”

தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

வாசலில் மனைவி பைகளை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பாப்பா எழுந்தாச்சா என்று கேட்டாள். அவர் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்திருந்தார். அங்கே ஒரு துடிப்பு இருந்தது. காத்திருந்தார். இன்னொன்று. அவ்வளவு மெதுவாக. மூக்கருகே விரலை வைத்தார். எதுவும் வரவில்லை. கை தானாகத் திரும்பி மணியைக் காட்டியது.

மூன்று இருபத்திரண்டுக்குக் குழந்தை மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு மூன்று ஐம்பதுக்கு.