ஏழாம் மேடையின் வாத்துகள்

வந்த பெண்மணி வணக்கம் சொல்லவில்லை. கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மர வாத்து. நீலத் தலை, வெள்ளைக் கழுத்து, தேங்காய் அளவு உடம்பு.

"இதை யாரு திருப்பி வெக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள."

அளவையர் வாத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

அவர் நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நகர்ந்துபோன எல்லைக்கல், வேலித் தகராறு என்று ஆட்கள் தேடி வர ஆரம்பித்து, பிறகு நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத குழப்பங்களும் வந்துசேர்ந்தன. அவர் மனைவியின் தம்பி மூன்று வேலைகளை விட்டவர். அத்தானுக்கு உதவியாளர் என்ற இந்த வேலையை மட்டும் யாரும் கொடுக்காமலே பிடித்துக்கொண்டவர். நோட்டும் பேனாவுமாக அப்போதே எழுந்து நின்றுவிட்டார்.

"மொத்தம் எத்தனை வாத்து? எத்தனை காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலை தம்பி. இது ஸ்டோர்ல மிச்சம் இருந்தது. மத்ததெல்லாம் அங்கயேதான் இருக்கு. அதான் பிரச்சினையே."

"மாப்ள, உக்காரு," என்றார் அளவையர். "நீங்க சொல்லுங்கம்மா."

வந்த பெண்மணி கோல்ஃப் மைதானத்தில் பதினொரு வருடமாகப் புல்லைப் பராமரிப்பவர். அங்கே எல்லோருக்கும் அவர் புல்லக்கா. ஒன்பது குழிகள் கொண்ட மைதானம். ஒவ்வொரு குழிக்கும் தொடக்கத்தில் ஒரு நீள்சதுரப் புல்மேடை உண்டு. மேடையில் ஆறு அடி இடைவெளியில் இரண்டு மார்க்கர்கள். ஆடுபவர் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் முதல் பந்தை அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் மிதிபட்டால் புல் செத்துவிடும் என்பதால், தினமும் விடியும்போது புல்லக்கா அவற்றை இடம் மாற்றி வைப்பார்.

"முன்னாடி இரும்பு மார்க்கர். கீழ ஒரு ஜாண் ஆணி இருக்கும். துரு பிடிச்சு அசிங்கமா இருக்குன்னு புதுசு வாங்க கமிட்டி போட்டாங்க. சிமெண்டு உருண்டை, பிளாஸ்டிக் கூம்பு, இந்த வாத்து, மூணும் வந்துச்சு. குளம் இருக்கே, அழகா இருக்கும்னு வாத்தை எடுத்தாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அடியில ஆணி வைங்கன்னு. வாத்துக்கு எதுக்குடி ஆணின்னு மேனேஜர் சிரிச்சாரு."

அளவையர் வாத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகம் தட்டை. கனத்துக்காக ஈயம் பதித்திருந்தார்கள்.

"வாத்து வந்து ஏழு வாரம். அதுலேருந்து ஏழாவது மேடையில மட்டும் ரெண்டு வாத்தும் கோணலா நிக்குது. நான் நேராத்தான் வெச்சுட்டு வரேன். சில நாள் ஒம்பது மணிக்குப் பாத்தா வலது பக்கம் திரும்பியிருக்கு. பந்தெல்லாம் பக்கத்து நர்சம்மா வீட்டுல போய் விழுது."

"ஆடுறவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்றார் மச்சினன்.

"ஏழாவதுல குழியில நட்ட கொடி தெரியாது தம்பி. நடுவுல பெரிய மேடு. மார்க்கரை நம்பித்தான் அடிக்கணும்." புல்லக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை, வியர்வைதான். "மார்க்கரை நான் மட்டும்தான் தொடலாம்னு சட்டம். வாத்து புடிக்காம நானே திருப்பி வெக்கிறேன்னு மேனேஜர் சொல்றாரு. நாலு மணிக்கு லெட்டர் குடுத்துருவாரு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும். ரெண்டு பொண்ணுங்களோட எங்க போறது?"

"ஏழாவதா?" என்று அளவையர் மறுபடி கேட்டார். "நான் அந்தப் பக்கம் போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

மேலாளர் இருவரையும் மைதானத்து வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். கைபேசியில் இரண்டு படங்கள் வைத்திருந்தார். இரண்டிலும் வாத்துகள் கோணலாக இருந்தன.

"அவளைத் தவிர யாரும் தொடுறதில்லை சார். யாரை வேணா கேளுங்க."

யாரை வேண்டுமானாலும் கேட்டார்கள். பந்து பொறுக்குபவர் அதையே சொன்னார். கேன்டீன்காரர் அதையே சொன்னார். புல்வெட்டும் வண்டி ஓட்டும் மெஷின்காரர், முழங்கால் வலிக்குப் பட்டை கட்டிய கனத்த மனிதர், கொட்டகையில் உட்கார்ந்து பிளேடு தீட்டிக்கொண்டிருந்தார். அவரும் அதையே சொன்னார்.

"மார்க்கர்னா புல்லக்காதான். நாங்க யாரும் தலையிட மாட்டோம்."

அவர் தலைக்கு மேல் ஒரு கரும்பலகை. திங்கள், புதன், வெள்ளி மேடைகள். செவ்வாய், வியாழன் குழி ஓரங்கள். சனி மெஷின் சர்வீஸ். மச்சினன் அதை நோட்டில் எழுதவில்லை. அவர் வேறு பக்கத்தில் சிமெண்டு உருண்டை விற்க வந்தவரின் வயதையும் தோற்றத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் கிடைக்காத கோபம் அத்தான். சுவரேறிக் குதிச்சு..."

"ஏழு வாரமா வந்து வாத்தைத் திருப்பிட்டுப் போறானா?"

"ஆமா." சொன்ன பிறகு அவருக்கே நம்பிக்கை இல்லை.

நர்சம்மா வீடு வேலியை ஒட்டி இருந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ். கதவைத் திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். நிறையப் பந்துகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் தேதி, கிழமை, மணி.

"முப்பத்தஞ்சு வருஷம் ஜுர சார்ட் எழுதின கை. சும்மா விடுவேனா? இதோ, இது சமையல்கட்டு ஜன்னல். இது தண்ணித் தொட்டி. இது என் தலைக்கு ஒரு சாண் தள்ளி."

அளவையர் தரையில் உட்கார்ந்து பந்துகளைக் கிழமைவாரியாகப் பிரித்தார். திங்கள் எட்டு. புதன் ஆறு. வெள்ளி ஒன்பது. மற்ற கிழமைகளில் ஒன்றுமே இல்லை. எட்டு மணிக்கு முன்னால் விழுந்த பந்தும் இல்லை.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடுற ஆளு! இடதுகைக்காரனா இருப்பான்!" என்று மச்சினன் துள்ளினார்.

"இருபத்துமூணு பந்துல பதினாலு வேற வேற கம்பெனி, மாப்ள. ஒருத்தன் பந்து இல்லை இது." அளவையர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "வீடு எப்போ கட்டினீங்கம்மா?"

"ஆறு வருஷம் ஆச்சு. இங்க பழைய தண்ணி டேங்க் ஒண்ணு இருந்துச்சு. அதை இடிச்ச எடம். அஸ்திவாரம் கல்லு மாதிரி கெட்டின்னு மேஸ்திரியே சொன்னாரு."

 நர்சம்மா கொடுத்த தண்ணீரை அளவையர் குடிக்க மறந்து கையில் வைத்திருந்தார்.

*

ஏழாம் மேடையில் அன்றைக்கும் வாத்துகள் கோணலாகத்தான் நின்றன. வெள்ளிக்கிழமை.

அளவையர் பையிலிருந்து பன்னிரண்டு முடிச்சுக் கயிறு ஒன்றை எடுத்தார். மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுகளை இழுத்துப் பிடித்தால் ஒரு மூலை சரியான செங்கோணமாகும். மச்சினனை ஒரு முனையில் நிற்கவைத்து, இரண்டு வாத்துகளுக்கும் இடையில் கோடு பிடித்து, அதற்குச் செங்குத்தாகப் பார்வையை ஓட்டினார். நர்சம்மாவின் சமையல்கட்டு ஜன்னல். பிறகு கயிற்றைச் சுருட்டி, மேடையின் முன் விளிம்பில் வைத்து அதேபோல் பார்த்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன அத்தான்?"

"வாத்து ரெண்டும் விளிம்புக்கு இம்மி பிசகாம நேரா இருக்கு. கெட்ட எண்ணத்துல ஒருத்தன் திருப்பியிருந்தா இவ்வளவு சுத்தமா வெச்சிருப்பானா?"

"அப்போ நல்ல எண்ணத்துல திருப்பினானா? எனக்குத் தலை சுத்துது."

அளவையர் மேடையின் மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். புல்லை விலக்கினார். அடியில் ஒரு சின்ன மூலைக்கல். வீட்டுச் சாவியால் மண்ணைச் சுரண்டினார், குனிந்து படித்தார், பிறகு புல்லை மறுபடி அதன்மேல் தள்ளி மூடினார்.

"எழுதிக்கவா? என்ன கல்லு?"

"பழைய கல்லு," என்றார். "எல்லாரையும் நாலு மணிக்கு இங்கயே வரச் சொல்லு. நர்சம்மாவையும்."

*

நான்கு மணிக்கு மேலாளர் கடித உறையோடு வந்தார். புல்லக்கா வேலை உடுப்பிலேயே வந்தார். மெஷின்காரர் காலைத் தாங்கித் தாங்கி வந்தார். நர்சம்மா வாளியோடு வந்தார்.

"மொதல்ல ஒரு சோதனை," என்றார் அளவையர். "மாப்ள, வாத்துகளுக்கு நடுவுல போய் நில்லு. பந்து அடிக்கிற மாதிரி காலை வை. இப்போ கண்ணை மூடிக்கிட்டு, கொடி எந்தப் பக்கம்னு கையைக் காட்டு."

மச்சினன் கையை நீட்டினார்.

"என் ஜன்னல்!" என்றார் நர்சம்மா.

"இவரு ஆட்டமே ஆடினதில்லை. ஆனா மார்க்கருக்கு நேரா உடம்பு தானா திரும்பிக்குது. ஆடுறவங்க பேர்ல தப்பில்லை. அடுத்தது மார்க்கர். பந்து விழுந்தது திங்கள், புதன், வெள்ளி மட்டும். கொட்டகைப் பலகையில மேடைப் புல் வெட்டுறதும் அதே மூணு நாள்." அவர் மெஷின்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, மேடையில புல் வெட்டும்போது வாத்து எங்க இருக்கும்?"

"என் மடியில."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மடியில வெச்சுக்கிட்டுத்தான் வெட்டுவேன். இல்லேன்னா பிளேடுல மாட்டிக்குமே."

"மார்க்கரைத் தொடவே மாட்டேன்னு காலையில சொன்னியேய்யா!" என்று மேலாளர் கத்தினார்.

"தொட்டேன்னா சார்? எடுத்து வெக்கிறேன், அவ்வளவுதான். எடுத்த எடத்துலயே வெச்சுருவேன். இருபது வருஷமா அப்படித்தான். நீங்களே பாத்திருக்கீங்களே!"

மேலாளர் பார்த்திருந்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"அவரு பொய் சொல்லலை," என்றார் அளவையர். "வெட்டுறதுக்காகத் தூக்குறதை இங்க யாருமே தொடுறதா நினைக்கலை. இரும்பு மார்க்கர் இருந்தப்போ அதுல தப்பும் இல்லை. ஆணி போன ஓட்டை மண்ணுல இருக்கும், அதுலயே திரும்பச் சொருகிடலாம். வாத்துக்கு ஆணி இல்லை, அதனால ஓட்டையும் இல்லை. அண்ணே, அப்போ எதைப் பாத்து வெச்சீங்க?"

"மேடை விளிம்பைப் பாத்துதான். அதுக்கு நேரா வெச்சா நேராத்தானே இருக்கணும்? மத்த எட்டு மேடையிலயும் அப்படித்தானே வெச்சேன்?"

"அந்த எட்டும் சரியாத்தான் இருக்கு. ஏழாவதுல மேடையே கோணல். வாத்து இல்லை."

 மேலாளர் மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"உனக்கு இது தெரியுமா?" என்று புல்லக்காவைக் கேட்டார்.

"தெரியுமே. வந்த மொத வாரமே தெரியும். நான் விளிம்பைப் பாக்க மாட்டேன். நடுவுல நின்னு, அதோ அந்தத் தண்ணி டேங்கைப் பாத்துக் கை ரெண்டையும் விரிப்பேன். கை எங்க இருக்கோ அங்க மார்க்கர்."

"பதினோரு வருஷமா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"யாரு கேட்டீங்க? இந்த மேடை இப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "இரு, இரு. அப்போ இவ சரியா வெச்சா. இவரும் ஒழுங்காத்தான் வெச்சாரு. ஆடுறவங்களும் சரியாத்தான் அடிச்சாங்க. எல்லாரும் சரின்னா ஜன்னல் எப்படிய்யா உடைஞ்சுது? இந்த மேடையைக் கோணலாப் போட்ட முட்டாள் யாரு?"

அளவையர் மூலைக்குப் போய்ப் புல்லை விலக்கினார். கல்லில் ஓர் எண் வெட்டப்பட்டிருந்தது.

"அளவையர் எண்," என்றார். "என்னோடது."

மச்சினனின் பேனா நின்றது.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த மைதானத்துக்கு முளை அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். மேடை தண்ணி டேங்கைப் பாத்து இருக்கணும்னு வரைபடத்துல இருந்துச்சு. அன்னிக்கு ஒரே பனி. ஒரு டேங்க்தான் தெரிஞ்சுது. அதுதான்னு நினைச்சு முளை அடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். அரை மணி நேரம் காத்திருந்தா பனி விலகி ரெண்டாவது டேங்கும் தெரிஞ்சிருக்கும். காத்திருக்கலை. நான் பாத்த டேங்கை இடிச்சுட்டாங்க. அந்த எடத்துலதான் நர்சம்மா சமையல்கட்டு இருக்கு."

தன் வழக்கமான குரலில்தான் சொன்னார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

மேலாளர் உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "வாத்துக்கு ஆணி அடிச்சுக்க," என்று புல்லக்காவிடம் சொன்னார்.

"ஒரு ஜாண் ஆணி வேணும். சின்னது பத்தாது."

"சரி, ஒரு ஜாண்."

புல்லக்கா குனிந்து வாத்துகளை எடுத்தார். மேடை நடுவில் நின்று, தூரத்துத் தண்ணீர் டேங்கைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து அவற்றை வைத்தார். கயிறோ முடிச்சோ எதுவும் இல்லை. அளவையர் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தார். இம்மி பிசகவில்லை. புல்லக்கா நிமிர்ந்து தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

நர்சம்மா வாளியைத் தூக்கி வந்து அளவையர் காலடியில் வைத்தார்.

"அப்போ இதெல்லாம் உங்களோடது," என்றார். "வாளியை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

பேருந்தில் வாளி அளவையரின் மடியில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பந்துகள் உருண்டன.  இரண்டு நிறுத்தம் கழித்து மச்சினன் நோட்டைத் திறந்தார்.

"அத்தான், குற்றவாளின்னு ஒரு இடம் காலியா இருக்கு. விட்டுடவா?"

"விடாதே," என்றார் அளவையர். "கல்லுல இருக்கிற நம்பரை எழுது."