நெவில் தேர்ந்து கொடுத்த கருவி

சிலேட் ஓடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. எங்கள் ஊரில் ஜூலை குளிர்காலம், பனி இன்னும் தரையை விட்டு எழவில்லை. நெவில் வண்டியை ஒரு அயர்ன்பார்க் மரத்தடியில் நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து எனக்குத்தான் முதலில் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். பல்லாரட் ரயில் பட்டறையில் முப்பத்தொரு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது என் மனைவி ரெய்லீனுக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது.

கருவி வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் நான் வீட்டுக்குள்ளேயே உலாத்திக்கொண்டிருந்தேன். "லெஸ், நீ இப்படியே சுத்திச் சுத்தி வந்தீன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். எதையாவது கத்துக்கோ, எங்கயாவது போ" என்றாள் ரெய்லீன். நெவில் எனக்கு மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்றவன். அன்றிலிருந்து மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பழைய தங்க வயல்களில் சுற்றிக்கொண்டிருந்தான். "என்கூட வாடா, ஆயுசு கூடும்" என்று சொல்லி அவனேதான் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனான்.

கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று கனம், விலையும் கனம். இன்னொன்று லேசு, பார்க்கவும் அழகு, திரையில் எண்ணெல்லாம் ஓடும். "நீங்க எந்த மண்ணுல தேடப் போறீங்கன்னு..." என்று அவர் ஆரம்பித்தார்.

நெவில் முடிக்கவிடவில்லை. "தோள்ல ஆபரேஷன் ஆனவன் இவன். இந்தப் பாரத்த நாள் முழுக்க எப்படி வீசுவான்? லேசானதே குடுங்க."

என் தோளை ஞாபகம் வைத்திருக்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கடைக்காரர் நெவிலின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு பில் போட்டார்.

தங்கம் தேடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து போனால் யார் எடுத்தாலும் பாதிப் பாதி. கையெழுத்தெல்லாம் கிடையாது, கைகுலுக்கினால் போதும். அந்தக் காலத்தில் குழி தோண்டியவர்கள் விட்டுப்போன வழக்கம் அது. ஒருவன் குழிக்குள் இறங்கி வெட்டுவான், மற்றவன் மேலே மர ராட்டினத்தைச் சுற்றி, தார் பூசிய கயிற்றில் வாளியை இழுப்பான். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவன் கையில்.

நாங்களும் கைகுலுக்கினோம். ஒன்றரை வருடம் நான் முன்னால் நடந்தேன், அவன் காதில் ஹெட்போனோடு பின்னால் வந்தான். என் கருவி கத்தும், தோண்டுவேன், ஆணி வரும். மறுபடி கத்தும், மறுபடி ஆணி. "குப்பைடா, விட்டுட்டு முன்னாடி போ" என்பான். மாலையில் அவனும் கையை விரிப்பான். "இன்னிக்கும் ஒண்ணுமில்லடா." இரண்டு கிழவர்களும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது போதுமாக இருந்தது.

சிலேட் ஓடைக்குப் போன அன்று, நெவில் மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகப் போன நேரத்தில்தான் டல்சி வந்தாள். எழுபத்துநான்கு வயது. நாற்பது வருடமாகத் தனியாக கேரவனில் திரிந்து தங்கம் தேடுகிறவள். அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. என் கருவியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எந்தப் புண்ணியவான் இத உன் தலையில கட்டினான்? கடற்கரையில மோதிரம் தேடுறதுப்பா இது. இந்த செம்மண்ணுல இதுக்குக் காது சுத்தமாக் கேக்காது. தங்கத்து மேலேயே வச்சாலும் பேசாது. இரும்புக்கு மட்டுந்தான் கத்தும்."

"நெவில்தான் பாத்துத் தேர்ந்து குடுத்தான்."

டல்சி மேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆணி எங்க கெடக்கோ அங்கதான் அந்தக் காலத்து ஆளுங்க குடிசை போட்டிருப்பாங்க, குழி தோண்டியிருப்பாங்க. நெவிலுக்கு அது தெரியாதா? நீ வேட்டை நாய் மாதிரி மோப்பம் புடிச்சுக் காட்டுற லெஸ். அவன் பின்னால வந்து எடுத்துக்கறான். திங்கக்கிழமைகள்ல அவன் மட்டும் தனியா வர்றத நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

அவள் தோளைக் குலுக்கினாள். "உன் இஷ்டம். ஆனா இந்த ஓடைக்குள்ள இறங்காத. இங்கதான் ஒருத்தன் தங்க வாளிய மேல இழுத்துக்கிட்டு, கீழ கெடந்த கூட்டாளிக்குக் கயிறு விடாமலே போயிட்டான்னு சொல்வாங்க. நான் இங்க தேடுறதில்ல."

அவள் போன பிறகு நான் ஓடைக்குள் இறங்கினேன். நெவிலின் கண்ணைப் பார்த்துப் பேச அப்போது எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

ஓடைக்குள் பறவைச் சத்தமே இல்லை. மக்கிய இலை வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. பழைய தார் வாசனை. நான் கருவியை வீசினேன்.

ஒரு கத்தல். ஓரடி தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று.

முதல் இடத்தைத் தோண்டினேன். ஒன்றும் இல்லை. கருவியை மறுபடி அங்கே வைத்தேன், இப்போது பேசவில்லை. கத்தல் முன்னால் போயிருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அடியில் ஆணி அடித்த பூட்ஸ் போட்டு ஒரு ஆள் நடந்தால் அந்த இடைவெளிதான் இருக்கும்.

நான் நின்றேன்.

அது நிற்கவில்லை.

மண்ணுக்கு அடியில், எனக்கு முன்னால், நிதானமாக நடந்து போனது. கருவியை நீட்டிக்கொண்டே நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். இருபது இருபத்தைந்து எட்டு வைத்ததும் காய்ந்த கிளைகளும் இலைகளும் மூடிய ஒரு இடத்தில் அது நின்றது. அங்கே கருவி விடாமல் அலறியது. குச்சியால் தட்டிப் பார்த்தேன். அடியில் குழி இருப்பதுபோல் வெற்று ஓசை கேட்டது.

கேட்டதா? கேட்டது. இதை ரெய்லீனிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

"என்னடா அது, இப்படிக் கத்துது?" மேட்டிலிருந்து நெவில் கூப்பிட்டான்.

ஒன்றரை வருடமாக அவன் எனக்குச் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "குப்பைடா. விடு."

சொல்லிவிட்டு எதிர்க்கரையில் ஏறி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கே போகாதே நெவில், போகாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. டல்சி பொய் சொல்கிறாள் என்று ஆக வேண்டும் எனக்கு.

நெவில் இரண்டு பக்கமும் பார்த்தான். ஹெட்போனை மாட்டினான். என் காலடி பட்ட வழியிலேயே விறுவிறுவென்று இறங்கி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கிளைகள் முறியும் சத்தம். அப்புறம் அவன் இல்லை.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பதினைந்தடி இருக்கும். அடியில் கால் மடங்கிக் கிடந்தான். "லெஸ்... கால் போச்சுடா. வண்டியில கயிறு இருக்கு, சீட்டுக்குக் கீழ. சீக்கிரம்."

ஓடினேன். என்ன ஏமாற்றினாலும் அவன் என் நெவில். சீட்டுக்கு அடியில் நீல நைலான் கயிறு இருந்தது. அதை இழுத்தபோது கூடவே ஒரு வரைபடமும் இருமல் மிட்டாய் டப்பா ஒன்றும் வந்து விழுந்தன.

வரைபடம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'லெஸ், ஆணி' என்று எழுதித் தேதி போட்டிருந்தது. பக்கத்தில் வேறு மையில் இன்னொரு தேதி, அதன் மேல் ஒரு டிக். டப்பாவைத் திறந்தேன். பாதிக்கு மேல் பொடிப்பொடியாகத் தங்கக் கட்டிகள்.

ஒரு தேதி என் கண்ணைக் குத்தியது. மார்ச் பதினான்கு. ரெய்லீனுக்கு மார்பில் கட்டி எடுத்த நாள். "நீ போய் அவ பக்கத்துல இருடா, தேடுறது எங்க ஓடிடப் போகுது" என்று என் முதுகைத் தட்டி அனுப்பியவன், அன்றைக்கும் டிக் போட்டிருந்தான்.

சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டிக் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

அப்போது ஓடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈர மரம் ஈர மரத்தில் உரசும் சத்தம். மெதுவாக, சுற்றிச் சுற்றி.

கிரீச்... கிரீச்...

நின்றது. தொப்பென்று ஏதோ விழுந்தது. ஒரு மனிதக் குரல் அலறியது.

மறுபடி கிரீச்.

எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. இடையில் போன நேரத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. நைலான் கயிறு சுற்றுப் பிரியாமல் என் மடியில்தான் இருந்தது.

குழிக்கு மேலே போய், "நெவில், கயிறு போடுறேன், பிடிச்சுக்கோ" என்றேன்.

கீழே அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"வேணாம்."

"என்னடா?"

"வேணாம் லெஸ். இனிமே இழுக்காத. கெஞ்சிக் கேக்கறேன்."

என் கூச்சல் கேட்டு வந்த டல்சிதான் மேட்டில் ஏறி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து போன் போட்டாள். மீட்புக்காரர்கள் வந்து அவனை மேலே கொண்டுவர மாலை நான்கு மணி ஆனது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரைபடத்தை அவன் மூஞ்சியில் வீசிவிட்டு நாலு கேள்வி கேட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தேன். அவன் இடுப்பிலிருந்து கீழே மாவுக்கட்டு. அக்குளைச் சுற்றிக் கயிறு அறுத்த காயம், கன்றிப்போய்.

அவனே முதலில் பேசினான். "உன்ன ஏமாத்தினேன். ஒத்துக்கறேன். கேவலமான வேலை. அதுக்காக இப்படியா?"

"நான் என்ன செஞ்சேன்?"

"மூணு தடவை லெஸ். கயித்த விட்ட, கட்டிக்கச் சொன்ன. பாதி வரைக்கும் இழுத்துட்டு, என் கண்ணப் பாத்துக்கிட்டே கைய விட்ட. ரெண்டாவது தடவைதான் இடுப்பு போச்சு."

"நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லடா! எங்கிட்ட இருந்தது நீலக் கயிறு. அத நான் பிரிக்கக்கூட இல்ல!"

"நீலமா?" அவன் தலையை ஆட்டினான். "பழுப்புக் கயிறு. தார் நாத்தம்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மேல நின்னது யாருன்னு பாத்தியா? மூஞ்சியப் பாத்தியா?"

"உன் தொப்பி, உன் சட்டை, உன் மூஞ்சி." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சிரிப்பு மட்டும் உன்னுது இல்ல. போயிடு லெஸ். இனிமே இங்க வராத."

அத்தனை வருட நட்பும் அதோடு முடிந்தது. என்னை நாய்போலப் பயன்படுத்தியவன் அவன். ஆனால் அந்த அறையில் துரோகியாக நின்றது நான்தான். மனப்பாடம் செய்த கேள்விகளோடு வீடு திரும்பினேன்.

ரெய்லீன் சமையலறை ஜன்னல் பக்கம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வெற்று ஓசையைத் தவிர எல்லாவற்றையும். அவள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லப் போனவள், பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இது, உள்ளங்கையெல்லாம்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு கையிலும் குறுக்கே சிவந்த கோடு. தோல் உரிந்திருந்தது. நான்கு நாளாக வலிக்கவே இல்லை.

"சிலாம்பு மாதிரி ஏதோ குத்தியிருக்கு. ஆடாம இரு." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையை வெளிச்சத்தில் நீட்டி, இடுக்கியால் அதன் முனையைப் பிடித்தாள்.

பழுப்பு நார். இழுத்தாள், வந்தது. ஒரு விரல் நீளம் வந்தது. ஒரு முழம் வந்தது. மேஜைமேல் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தது. சமையலறை முழுக்கத் தார் வாசனை.

சட்டென்று அவள் கை நின்றது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன ரெய்லீன்?"

அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"லெஸ்... அந்தப் பக்கம் யாரோ இழுக்கறாங்க."