உச்சியைக் கவ்வியவர்கள்

கணவரின் பல்லிடுக்கில் பச்சை பெயின்ட் இருந்தது.

பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவளுக்கு, எவரைக் கண்டாலும் முகத்துக்கு முன் பல்லைப் பார்த்துவிடும் வழக்கம். காலைத் தேநீரை நீட்டியபோது அவர் கொட்டாவி விட்டார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, கீரைத் துணுக்கு என்று வேறு யாரும் நினைத்துவிடக்கூடிய ஒரு செதில். கீரை அப்படிப் பளபளக்காது. பல்லின் ஓரமும் புதிதாகச் சில்லுப் பெயர்ந்திருந்தது.

“என்னத்தைக் கடிச்சீங்க?”

“உன் சமையலைத்தான். இந்த வீட்டுல அதைவிடக் கெட்டியா என்ன இருக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் ஊர் திரும்பியதிலிருந்தே அவளுடைய கோபம் நீறு பூத்த நெருப்பாக இருந்தது.

மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்களை எழுப்புவது அவர் தொழில். தெருவில் ‘டவர்காரர்’ என்றால்தான் தெரியும். அடுத்த வீட்டு நெட்டையனும் அவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே கயிற்றைப் பிடித்து ஏறுகிறவர்கள். அந்த நிறுவனம் இருவரையும் இந்த ஊரின் வேறு பல ஆட்களோடு சேர்த்து, மழையும் வெக்கையும் சதுப்பும் தவிர வேறொன்றுமில்லாத ஒரு தூர தேசத்துக்கு அனுப்பியது. முழு ஆளாகப் போனவர், வலது விலாவுக்குக் கீழே ஒரு வலியும், அந்தி சாய்ந்தால் ஏறும் காய்ச்சலும், சொறிந்து மாளாத அரிப்புமாகத் திரும்பி வந்தார். நிறுவனத்து மருத்துவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘வாயு’ என்றார். பெயின்டைக் கண்ட அன்று காலை மேலாளர் தொலைபேசியில், “வாயுவுக்கெல்லாம் லீவு கேட்டா எப்படிம்மா? அடுத்த பயணத்துக்கு ரெடியா இருக்கச் சொல்லுங்க,” என்றார்.

“உங்க வீட்டு ஆம்பளையை அனுப்புங்க சார்,” என்று சொல்லி வைத்துவிட்டு, அன்றே கணவரைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

ஈரல் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கொளியில் பிடித்தார். சாம்பல் நிற ஈரலுக்குள், கறையான் அரித்த கதவில் ஓடுவதுபோல, வளைந்து வளைந்து கரிய தடங்கள்.

“அங்க தண்ணியோரம் முளைக்கிற எதையாவது பச்சையா மென்னீங்களா?”

“புல்லு மெல்லுவோம் டாக்டர். எல்லாரும்தான். டவர் மேல ஏறிட்டா தண்ணி குடிக்க முடியாது, குடிச்சா எறங்கணும்ல. அதான் கன்னத்துல ஒரு தண்டை அடக்கிக்குவோம், வாய் காயாது. இங்க வரப்புப் புல்லு, அங்க சதுப்புப் புல்லு.”

“அதுல ஒட்டிக்கிட்டுதான் உள்ள போயிருக்கு. குடலைத் துளைச்சு ஈரலுக்கு வந்து குடித்தனம் பண்ணுது. அந்த மாதிரி ஊருக்குப் போயிட்டு வர்றவங்ககிட்ட பாக்கறதுதாம்மா. மாத்திரை இருக்கு, சரியாப் போயிடும்.” மருத்துவர் நல்ல மனிதர், அச்சத்தைக் கதையால் போக்கிவிடலாம் என்று நம்புகிறவர். “இந்தப் புழுவுக்கு ஒரு பங்காளி உண்டு. கேளுங்க, வேடிக்கையா இருக்கும்.”

அவர் சொன்ன கதை இது. ஆட்டின் ஈரலில் வாழ விரும்பிய புழு ஒன்று, ஆட்டிடம் போய்ச் சேர வழியறியாமல் ஓர் எறும்பின் வயிற்றில் குடியேறியது. அதன் பங்காளிகளுள் ஒருவன் மட்டும் எறும்பின் தலைக்குள் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். பகலெல்லாம் எறும்பு தன் வேலையைப் பார்த்தது. மற்ற எறும்புகளோடு முகர்ந்து பேசியது. அந்தியில் மட்டும், ஏன் என்று அறியாமலே, ஒரு புல்லின் உச்சிக்கு ஏறி, அதைப் பல்லால் கவ்வி, அசையாமல் நின்றது. மேய வரும் ஆட்டுக்காக.

“மனுஷனுக்கு?” என்றாள் அவள்.

“மனுஷனுக்கு அதெல்லாம் கிடையாதும்மா. நம்மளை மேயறதுக்கு யார் இருக்கா?” என்று மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. நகத்தால் விலாவைச் சொறிந்தபடி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த உயரமான கட்டடங்களின் உச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் குடித்தார், தலையாட்டினார். பிறர் வாயைத் திறந்து பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவளிடம் அந்தத் தந்திரம் செல்லுமா? கன்னத்தைப் பிதுக்கிப் பார்த்தாள். புல்லை அடக்கும் அதே இடத்தில் மாத்திரை இருந்தது.

“சின்னப் பிள்ளையா நீங்க? வெக்கமா இல்ல?”

“முழுங்க முடியலை. தொண்டை வரைக்கும் போகுது. உள்ளேருந்து தள்ளுது.”

“என்ன தள்ளுது?”

வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல் அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். டவர்காரருக்குத் தரை ஒத்துக்கொள்ளாது என்பது தெருவில் பழைய கேலி. இந்த முறை அவள் பின்னாலேயே போனாள்.

மூலையில், பச்சை பூசிய கைப்பிடிக் கம்பியில், பெயின்ட் உரிந்து இரும்பு பல்லிளித்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. கடிவாய்கள். ஒன்றின் மேல் ஒன்று, ஒரே இடத்தில், குழாயே நசுங்கும் அளவுக்கு. பிளாஸ்டரில் எத்தனையோ வாய்களின் அச்சை எடுத்தவள் அவள். இடப்பக்கம் சற்றே சாய்ந்த அந்தக் கோரைப்பல் யாருடையது என்பதை இருட்டில் தடவியே சொல்லிவிடுவாள்.

கணவரை முரட்டுத்தனமாகக் கீழே இழுத்து வந்தாள். எதிர்ப்பட்ட நெட்டையன் மனைவி காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகச் சிரித்தாள்.

“எங்காளும் அங்கதான் அக்கா, தண்ணித் தொட்டி மேல. தொட்டியைப் பல்லால பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. கை ரெண்டும் வேலையா இருந்தா கயித்தைப் பல்லுல கடிச்சுக்குவாங்கள்ல, பழக்கதோஷம்!”

“எறக்குடி அவரை! இப்பவே எறக்கு!”

“ஏன்க்கா இப்படி எரிஞ்சு விழறீங்க?” என்று முகம் வாடி அவள் உள்ளே போய்விட்டாள்.

இவள் தன் வீட்டு மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இந்த ஓர் அந்தியைக் கடத்திவிட்டால், விடிந்து அது அடங்கும் வேளையில் மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிடலாம். அவ்வளவுதான் வேண்டும். அவரை அவளுக்குத் திரும்ப வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில் உரத்துப் பேசியறியாத மனிதர் அந்தக் கதவை உதைத்தார்.

“தொறடி!”

“‘டி’யா? இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க!”

மீண்டும் உதைத்தார். நகம் மரத்தைப் பிறாண்டியது. பிறகு, எல்லாம் வடிந்தவர்போல் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை நெருப்பாகக் கொதித்தது.

“எனக்குப் போக வேண்டாம்மா. சத்தியமா வேண்டாம். அதுதான் போகுது. நான் உள்ள உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் மாத்திரை எடுக்க அடுக்களைக்குள் ஓடினாள். கரண்டியால் நசுக்கினாள். திரும்பி வந்தபோது படிக்கட்டில் யாரும் இல்லை.

பின்பக்க ஜன்னல் திறந்து கிடந்தது. சுவரோரம் தண்ணீர்க் குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. கோபுரம் ஏறுகிறவருக்குக் குழாய் எம்மாத்திரம்?

அவள் பூட்டைத் திறந்து மேலே பாய்ந்தாள்.

வானத்தில் சிவப்பு இன்னும் மிச்சமிருந்தது. காற்று இல்லை. மூலைக் கம்பியைக் கவ்வியபடி, கைகள் இரண்டும் துவண்டு தொங்க, அவர் நின்றிருந்தார். உதடு கிழிந்து மோவாயில் இரத்தம் வழிந்தது. கண்கள் மட்டும் விழித்திருந்தன, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன.

“விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்!”

நோயாளிகளின் வாயைத் திறந்து பிடிக்கும் ரப்பர் கட்டை அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்து, தாடை மூட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, பின்பற்களுக்கு இடையே அதைத் திணித்தாள். எந்த வாயும் இதற்கு மசியும். ஒரு பல் முறிந்தது. தாடை மசியவில்லை.

அவருடைய கண்மணிகள் பக்கவாட்டில் உருண்டன. பார், என்றன.

பார்த்தாள். கையெட்டும் தூரத்தில், அடுத்த வீட்டுத் தொட்டியின் சிமென்ட் விளிம்பைக் கவ்வியபடி நெட்டையன். அதற்கப்பால் மூன்றாம் மாடியின் நுனியில் ஓர் உருவம். அதற்கும் அப்பால் விளம்பரப் பலகையின் சட்டத்தில் ஒன்று. தெருக்கோடிக் கட்டடத்தின் உச்சியில் இன்னொன்று. எல்லாரும் அசையாமல். எல்லாரும் ஒரே திசைக்குப் பிடரியைக் காட்டியபடி.

அந்தச் சதுப்பு தேசத்துக்கு எத்தனை பேர் போய் வந்தார்கள்?

தெருக்கோடி மரங்கள் வளைந்தன. காற்றே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து, நிமிர்ந்தன. மென்று குதப்பிய பச்சைப் புல்லின் வாடை வெதுவெதுப்பாக வந்து முகத்தில் படிந்தது. பிறகு அந்த ஓசை. மேய்ச்சல் நிலத்தருகே நடந்த எவரும் அறிந்த ஓசை. நிதானமான ஓசை.

சரக்.

தெருக்கோடி உச்சியில் யாரும் இல்லை.

சரக்.

விளம்பரப் பலகை.

சரக்.

மூன்றாம் மாடி.

அடுத்த வீட்டுப் படியில் காலடிகள். “அக்கா, இவரு எறங்க மாட்டேங்கறாரு அக்கா—”

அவள் கணவரின் இடுப்பை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள். அச்சம் தீர்ந்துபோன இடத்தில் கோபம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தோட்டத்தில் புகுந்த மாட்டை விரட்டுவதுபோல், தலைக்கு மேலே கவிந்த இருட்டை நோக்கி அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

“போ! ஏய்! போ அங்கிட்டு!”

ஓசை நின்றது. ஏதோ ஒன்று, மிக உயரத்தில், தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல், குனிந்தது.

சரக்.

நெட்டையன் இல்லை. தொட்டியின் விளிம்பில் ஒரு தாடை மட்டும், மேய்ந்து விட்ட புல்லின் அடிக்கட்டையைப் போல, ஈரமாக, இன்னும் விடாமல் சிமென்டைக் கவ்விக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான மூச்சு ஒன்று மேலிருந்து இறங்கி, அவள் தலைமயிரை நடுவகிடாக மெல்லப் பிரித்தது.