பெயர் சொல்லாமல் எடுத்த மண்

சித்திரை மாதத்தில் தீக்குச்சி நமத்துப்போகுமா? முத்துராஜ் மூன்றாவது குச்சியையும் உரசிப் பார்த்தார். மருந்து கரைந்து விரலில் ஒட்டியதே தவிர, ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. வெளியே பந்தல்குடிக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, பெண்கள் காலிக் குடங்களோடு டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள், துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது அப்பளம்போல விறைத்தது. இந்த வீட்டுக்குள், அதுவும் உள்ளறையில் இருந்த சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும், தீப்பெட்டி ஊறிப்போயிருந்தது.

அலமாரியில் சிவப்புத் துணியால் வாய் கட்டிய ஒரு சொம்பு இருந்தது. அதற்குள் ஒரு பிடி மண். காளீஸ்வரனில் அவர்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

ஒரே மகன். போன ஐப்பசியில் கூட்டாளிகளோடு மலைமேல் தேசியப் பூங்காவுக்கு நடைபயணம் போனவனைக் காட்டாறு கொண்டுபோய்விட்டது. வனத்துறைக்காரர்கள் தேடாத இடமில்லை, உடம்பு கிடைக்கவில்லை. அப்படிப் போன பிள்ளையை, போன இடத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொண்டுவந்து வீட்டில் வைத்துக் கும்பிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பெற்றவர்கள் அப்போது எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. கூடப் போயிருந்த ஜெகதீஸ்வரன்தான் பிடிமண் எடுத்துக்கொண்டு வந்தான்.

இப்போது அவர்களே அந்தக் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மனைவி முருகலட்சுமியின் ஆசை அது. "எம்பிள்ள கடைசியா என்னத்தப் பாத்தான்னு நானும் ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேங்க" என்று அவள் கேட்டபோது முத்துராஜால் மறுக்க முடியவில்லை. ஐம்பது வயதுக்குமேல் முதல்முறையாக ஷூ வாங்கினார். பஞ்சர் கடையைப் பொழுது சாய்வதற்குள் பூட்டிவிட்டு, இருவரும் கண்மாய்க்கரையில் நடந்து பழகினார்கள். "என்ன முத்துராசு, சுகரா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமாப்பா, சுகருதான்" என்று சொல்லிவைத்தார். அனுமதிச் சீட்டு, வழிகாட்ட ஒரு ஆள், ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் ஏறாமலிருக்க முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணி உறை, மேலே தடவ மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அவள் மறுபடியும் வேளைக்குச் சாப்பிட ஆரம்பித்ததே அந்த ஏற்பாட்டால்தான். இருக்கிற ஒரு ஆளாவது தனக்கு மிஞ்சுவாள் என்று முத்துராஜுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

வழி விசாரிக்கத்தான் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டார். பாலம், அருவி, செக்போஸ்ட் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுப் போகிறபோக்கில் கேட்டார்.

"மண்ணள்ளும்போது எத்தன தடவடா பேர் சொல்லிக் கூப்ட்ட?"

"மாமா... பேர் சொல்லல மாமா. வாய் வரல. பேரச் சொல்லிட்டா அவன் செத்தது நெசமாயிரும்னு இருந்துச்சு. 'வா, வீட்டுக்குப் போவோம்'னு மட்டுந்தான் சொன்னேன்."

"காட்டுக்குள்ள நின்னு, பொதுவாவா வான்னு சொன்ன?"

"ஆமா மாமா." அவன் அழுதுகொண்டிருந்தான். "வாரப்ப பஸ்ஸுல எம்பக்கத்து சீட்டு ஊர் வார வரைக்கும் நனஞ்சே கெடந்துச்சு. காளிதான்னு நெனச்சு, கைய வச்சுக்கிட்டே வந்தேன்."

முத்துராஜ் அன்றே மனைவியிடம் சொன்னார்.

"லட்சுமி, சொம்பையும் எடுத்துட்டுப் போவோம். அந்த மண்ண அங்கனயே போட்டுட்டு, நம்ம பிள்ளயப் பேர் சொல்லிக் கூட்டியாருவோம்."

அடுத்த நாளிலிருந்து அவள் நடைக்கு வரவில்லை.

அதன்பிறகு அவர் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தார். மழை விட்ட காட்டில் அழுகும் இலைகளின் வாசனை உள்ளறையிலிருந்து கிளம்பி, அடுப்படிக்கு வந்து, சோற்றில் ஏறி, அவர் தலையணைவரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் அலறிக்கொண்டு போகிற சத்தத்துக்கு நடுவில், குழாயே இல்லாத அந்த அறையில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. புது ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தார். பச்சைப் பாசி விரலோடு வந்தது. முருகலட்சுமி இந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டாள். முகம் நாளுக்கு நாள் வெளுத்தது. கேட்டால் "ஒண்ணுமில்லங்க" என்றாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் அவள் யாரோடோ பேசினாள். அது சாமி கும்பிடுகிற பேச்சு இல்லை.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் மதுரை பஸ்ஸு. உச்சிவெயிலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கட்டிவைத்த பை வாசலிலேயே இருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கதவைத் தள்ளினார்.

குளிர் முகத்தில் அடித்தது.

தரை ஈரம். உள்ளறை நோக்கி நடக்க நடக்க ஈரம் சேறாகியது. கால் வழுக்கியது. சுவரைப் பிடித்தார். சுவரும் வழுக்கியது.

"லட்சுமி?"

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சொம்பு. சிவப்புத் துணி அவிழ்ந்து கிடந்தது. ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றியிருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை கறுப்பாக, பளபளவென்று, விரல் பருமனுக்கு அட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக. உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் வலியே இல்லை.

கட்டிலுக்கடியில் இருந்த இருட்டைப் பார்த்து, ஒரு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்லு. அ... ப்பா."

இருட்டு வாய் திறந்தது. "ப்பா."

காளியின் குரல் இல்லை. ஆண் குரலா, பெண் குரலா தெரியவில்லை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியது.

"லட்சுமி, எந்திரி. அது நம்ம காளி இல்ல."

"தெரியும்." அவள் தலையைத் தூக்கவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதாங்க? நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். இதுவும் யாரோ பெத்த பிள்ளதான? வான்னு கூப்ட்டோம், வந்துருச்சு. இந்தக் காஞ்ச ஊருல அது ஈரத்துக்கு எங்க போகும்? குடுத்தாத்தான் இருக்கும். வீடு வெறிச்சுன்னு கெடக்குறதுக்கு இது இருந்துட்டுப் போகட்டுங்க." அவள் சிரித்தாள். "சொல்லிக்குடுத்தா படிச்சுக்கிடுது."

சொம்பைப் பிடுங்க வேண்டும். அவளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பஸ்ஸு. மலை. காடு. இரண்டே எட்டு. குனிந்தார். சொம்பின் விளிம்பில் விரல் பட்டது.

"யப்போய்!"

முத்துராஜ் அப்படியே நின்றார்.

தெருமுனையில் பைக் திரும்பும்போதே காளி அப்படித்தான் கூப்பிடுவான். கடைசியை இழுத்து. பசியோடு வருகிற நாளில் இன்னும் கொஞ்சம் இழுத்து. அந்த இழுவை அப்படியே இருந்தது. குரல் மட்டும் அவனுடையது இல்லை. இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனிக் கூப்பிடப் போவதும் இல்லை. பிடிவாதமாக இத்தனை மாதம் அடக்கிவைத்திருந்த அழுகை சத்தமாக வந்தது.

விரலை எடுத்துக்கொண்டார். போய் வாசல் கதவைச் சாத்தினார். வெயில் அறுந்தது. திரும்பி வந்து சேற்றில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைக்கையை மடித்து மேலே ஏற்றினார்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கை வந்தது. ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்து ஊதி வெளுத்த கை. நகங்கள் இல்லை. குருடர் தேடுவதுபோலத் தரையைத் தடவித் தடவி அவர் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. உள்ளங்கையில் வாய் இருந்தது. அது மெதுவாகத் திறந்து, கவ்வியது.

"இன்னொரு தடவ கூப்புடுய்யா" என்றார் முத்துராஜ்.