பரண் என்றொரு கணினி

"என் தம்பியைத் திருடன்னு பிடிச்சு வச்சிருக்காங்க. மூணு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்," என்றாள் வந்தவள். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குமாஸ்தா பார்த்தார். மணி ஒன்றரை.

தம்பியின் தொழில் வினோதமானது. யாராவது கேட்டுக்கொண்டால், திருடன் எப்படி நுழைவானோ அப்படியே அவர்களுடைய கணினிகளுக்குள் நுழைந்து, எங்கெங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுப்பான். அனுமதி இருந்தால் அது வேலை, இல்லாவிட்டால் குற்றம். ஓர் ஆஸ்பத்திரியின் கணினி அதிகாரி இரண்டாம் தேதி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். இந்தப் புத்திசாலி நகல்கூட வாங்காமல் வேலையைத் தொடங்கிவிட்டான்.

"ஊரான் ஓட்டையெல்லாம் தெரியுது, தன் ஓட்டை தெரியலையே!" அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "விளையாட்டுப் புத்தி மேடம். கண்ணுல பட்டதுக்கெல்லாம் பட்டப்பேர் வைப்பான். என்னையே 'சைரன்'னுதான் கூப்பிடுவான்."

அவர்கள் காவல் நிலையத்துக்குப் போனபோது, அந்தக் கணினி அதிகாரியும் ஆஸ்பத்திரி இயக்குநரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளரின் மேசைமேல் அந்தக் கடிதமும், ஒன்பதாம் தேதி தம்பி கொடுத்த அறிக்கையும் கிடந்தன. கடிதத்தின் கடைசி வரியில் ஆய்வாளர் விரலை வைத்தார்: 'பரண் சர்வரைத் தொடக் கூடாது.' நோயாளிகளின் விவரங்கள் இருந்த அந்த சர்வர் கணினிக்குள்தான் தம்பி நுழைந்திருந்தான்.

"இந்த வரி அன்னைக்கு இல்ல சார்," என்றான் தம்பி.

"கையெழுத்தே போலி!" குமாஸ்தா பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார். இப்படி ஒரு நாளுக்காகவே அதை வாங்கி வைத்திருந்தார், பாவம்.

"கையெழுத்து அசல்தாங்க, உட்காருங்க," என்ற வக்கீலம்மா அதிகாரியிடம் திரும்பினார். "அந்த சர்வர் எங்க சார் இருக்கு?"

"கீழ்த்தளத்துல, பழைய சாமான் அறையில."

"கீழ இருக்கிறதுக்கா பரண்னு பேரு?"

"அது... எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"யாரு சொல்லுவா? நான் கேள்விப்பட்டதே இல்லையே," என்றார் இயக்குநர்.

வக்கீலம்மா அறிக்கையைப் புரட்டி நிதானமாக வாசித்தார். "'உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பழைய சர்வர். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தூக்கிப் போட்டு மறந்துவிட்டதுபோல் தெரிவதால், இதைப் பரண் என்று அழைக்கிறேன்.' பேர் வச்சது இந்தப் பையன், அதுவும் ஒன்பதாம் தேதி. இரண்டாம் தேதிக் கடிதத்துல அந்தப் பேர் எப்படி வந்துச்சு?"

அதிகாரி கடிதத்தை எடுக்கக் கை நீட்டினார், ஆய்வாளர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்த சர்வரைப் பூட்டாம விட்டது வெளிய வந்தா உங்க தலை உருளும்னு பயந்தீங்க. ஒரு வரி சேர்த்து, பழைய தேதியே போட்டு, புதுசாக் கையெழுத்துப் போட்டீங்க. அவசரத்துல, இவன் வச்ச பட்டப்பேரையே எடுத்து எழுதிட்டீங்க."

"வேலை போயிடும்னு நெனச்சேன்," என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். மணி இரண்டு ஐம்பது.

இயக்குநருக்கு வேறு கவலை. "தம்பி, அது இன்னும் திறந்தா கிடக்கு?"

"ஆமா சார். இந்த நிமிஷம்கூட யாரு வேணா உள்ள போகலாம்."

ஆய்வாளர் அவசரமாகத் தன் கணினியை அவன் பக்கம் திருப்பினார். "முதல்ல அதை மூடுப்பா!"

தம்பியின் கை விசைப்பலகை வரைக்கும் போய் நின்றது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எழுதிக் கொடுங்க சார்," என்றான்.