இருபது மில்லிகிராம் சந்தனம்

ஆறு வருடமாக நிற்காத இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னார் ஆறுச்சாமி. சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

"ஆயுதபூஜைங்க அம்மணி. லேத்துக்கு லீவு, சுத்தியலுக்கு லீவு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்க மூக்குல காத்து ஊதற பெட்டிக்கும் சேத்து லீவு உட்டரலாங்களாண்ணா?" என்றாள் குமுதவல்லி.

கோவை கணபதியில் அந்த வீதிக்கு அறுபத்திரண்டு வீடுகள். வீதி முனையில் பீரோ அளவில் வீதிச்சுழலி நின்றது. குமுதவல்லி அதன் பராமரிப்பாளர். சமையல் கழிவும் சாக்கடையும் நொதித்து வரும் வாயுவை அது எரித்தது. எரிந்த காற்று சுழலியைத் தள்ள, அறுபத்திரண்டு வீட்டுக்கும் மின்சாரம் வந்தது. நகரின் நாற்பதாயிரம் வீதிகளிலும் இப்படித்தான். மின்கம்பங்களைப் பிடுங்கி எப்போதோ உருக்கிவிட்டார்கள்.

ஆறுச்சாமி ஃபவுண்டரியில் முப்பது வருடம் மணல் தூசியைச் சுவாசித்தவர். அவருக்குப் பிராணவாயு பிரித்துத் தரும் பெட்டியும் அந்த மின்சாரத்தில்தான் ஓடியது. அது நின்றால் கைவசம் ஒரு சிலிண்டர். இரண்டு மணி நேரம் வரும்.

குமுதவல்லி பயந்தது வேறொன்றுக்கு. சுழலும் பாகம் எலுமிச்சம்பழ அளவுதான். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம் சுற்று. எதையும் தொடாது. தன் வேகத்தால் தானே இழுத்துக்கொண்ட காற்றின்மேல் மிதக்கும். அந்தக் காற்றுப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. நிற்கும்போதும் கிளம்பும்போதும் மட்டும் உலோகம் உலோகத்தில் உரசும். அந்த உரசலில் பழுதானால் மறுபடி எழாது.

"நின்னா மொதல்ல நிக்கறது என்ற மூச்சுதானுங்க. நானே கேக்கறேன், அப்பறம் என்ன?" என்றார் ஆறுச்சாமி. வீதி அவர் பக்கம் சேர்ந்தது.

காலை பத்து மணிக்கு நிறுத்தினாள். ஒரு மெல்லிய ரீங்காரம் இறங்கி அடங்கியது. இத்தனை வருடம் அது கேட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மூடியைத் திறந்தாள். வளைந்த இதழ்களோடு ஒரு சின்ன உலோகப் பூ.

"இம்புட்டுத்தானா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அறுபத்திரண்டு வீடும் அதைப் பார்த்தபடி நின்றன.

கற்பூரம் காட்டினார்கள். ஆறுச்சாமி சந்தனப் பொட்டு வைத்த நேரத்தில் குமுதவல்லி குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மூடியைப் பொருத்தி இயக்கினாள். சுழலி எழுந்தது. நாற்பதாயிரம் சுற்றில், திரையில் அதிர்வைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது.

"அண்ணா, பொட்டு எங்க வெச்சீங்க?"

"அதோட நெத்தியிலதானுங்க. முதுகுலயா வெப்பாங்க?"

காய்ந்தால் இருபது மில்லிகிராம் சந்தனம், ஒரு அரிசியின் எடை. முழு வேகத்தில் அது நான்கு கிலோவாக இழுக்கும், நொடிக்கு ஆயிரத்து அறுநூறு தரம். ஆடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் நொறுங்கலாம். நிறுத்தாவிட்டாலும் நொறுங்கலாம். சிலிண்டரில் நாற்பது நிமிடம் இருந்தது.

அதற்குள் இயந்திரம் தானே ஒரு முடிவுக்கு வந்தது. உள்ளே ஒளியூசி விழித்தது. சமன் குலைந்தால் உலோகத்தைச் சீவிச் சரிசெய்ய வைத்த ஒளிக்கற்றை அது. பொட்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில், சுழலும் உலோகத்தில், ஒவ்வொரு சுற்றிலும் அதே புள்ளியைத் தொட்டுத் தொட்டுச் சீவியது. நான்கு நிமிடம். எண் இறங்கியது. புதிதாக வந்த நாளில் இருந்ததற்கும் கீழே போய் நின்றது.

பொட்டை அழிக்காமல், அதற்கேற்பத் தன் உடம்பை மாற்றிக்கொண்டது. குமுதவல்லி வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை, நகரின் இன்னொரு பகுதியான சுங்கத்தில் சுழலியைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க மெஷின் ராத்திரி தன்னத்தானே சீவிக்கிட்டு, ஆடி, நின்னு போச்சு. பூராம் இருட்டு. உங்க மெஷினப் பாத்துச் செஞ்சேன்னு எழுதிக் காட்டுது. அப்படி என்னக்கா பண்ணுனீங்க?"

குமுதவல்லிக்குப் புரிந்தது. நகரத்துச் சுழலிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பவை. எது மிகக் குறைவாக அதிர்கிறதோ அதையே மற்றவை பின்பற்றும். நாற்பதாயிரமும் தங்களை ஆறுச்சாமியின் பொட்டுக்கு ஏற்பச் சீவிக்கொண்டன. அவற்றில் பொட்டு இல்லை. சீவுவதற்கென்று விட்டிருந்த உலோகமும் அதோடு தீர்ந்திருந்தது.

கம்பெனிப் பொறியாளர்கள் தராசோடு வந்தார்கள். இருபது மில்லிகிராம் சந்தனத்தை அளந்து ஜெசிந்தாவின் சுழலியில் வைத்தார்கள். ஆடியது. எடை சரி, பரவல் சரியில்லை. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து ஒரு பக்கம் லேசாகச் சரிந்த பொட்டு அது. வார்ப்பு அச்சை முப்பது வருடம் தடவிக் காய்த்த ஒரு மோதிர விரல் இட்டது. அச்சு எடுத்தார்கள். ரப்பர் விரல் செய்தார்கள். எல்லாவற்றையும் சுழலி உதறியது.

கடைசியில் ஆறுச்சாமியை வேனில் ஏற்றினார்கள், சிலிண்டரோடு.

அவர் சந்தனம் தொட்டு வைத்தார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு இயக்கினாள். சுழலி எழுந்து காற்றில் ஏறியது. ஓசை மெலிந்து ஒரே இழையானது. வீதி முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிந்தன. மூச்சுத் திணறுவதை ஆறுச்சாமி அந்த நேரத்துக்கு மறந்தார்.

"நம்ம கையிலயா இதெல்லாம்?" என்றார்.

"உங்க கைல மட்டுந்தாண்ணா" என்றாள் குமுதவல்லி. அவள் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ஐந்தாவது வீதியில் அவர் உதடு நீலம் பாரித்தது. சிலிண்டரை மாற்றினார்கள். "இன்னைக்குப் போதுமுங்க, உட்ருங்க" என்றார். வேனைச் சுற்றி அடுத்த வீதிக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் பெட்டியில் மூச்சு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். பச்சைக் குழந்தைகள் இருந்தன. குமுதவல்லி வேனின் கதவை மறித்து நின்றாள். அவளை மரியாதையாக நகர்த்தினார்கள்.

ஒரு பெண் தாம்பாளத்தோடு வந்தாள். ஆறுச்சாமிக்கு மாலை போட்டாள். சிலிண்டருக்குக் குங்குமம் வைத்தாள். அவருடைய மோதிர விரலைத் துடைத்து, விபூதி பூசி, அதற்கும் ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டார்கள்.

"பூஜை போட்டாச்சுங்க" என்றாள். "கெளம்பலாங்களா?"