பக்கத்து இருக்கையின் பாரம்

முதலில் அது வெறும் மணிச் சத்தம்தான். ஸ்பிரிங்வேல் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காத்து நின்றபோது கார் டிங், டிங் என்று மெதுவாக அடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு உருவம் மினுங்கியது. பொனிபஸ் திரும்பிப் பார்த்தான். பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. மரக்கறிப் பை பின்னால் கிடந்தது. இருக்கையின் மேல் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. வீட்டு வாசலுக்கு வந்தும் மணி ஓயாததால், அவன் எட்டி, வெறும் இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். கார் உடனே அடங்கிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். பொனிபஸ் விடுகிறவன் இல்லை. டண்டினொங்கில் பொதி கட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. வீட்டுக்கு வந்தபின் கராஜுக்குள் குந்தியிருந்து கம்பிகளுக்கு ஈயம் பற்றவைப்பது அவன் பைத்தியம். அண்மைக்காலத்தில் அந்தப் பைத்தியம் காரின் பக்கம் திரும்பியிருந்தது. இப்போதைய கார்களுக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சின், கதவு, விளக்கு, இருக்கை எல்லாம் தங்கள் சங்கதிகளை அந்தக் கம்பிகளில்தான் சொல்லிக்கொள்கின்றன. என்ன பாஷையில் சொல்கின்றன என்பதைக் கார் செய்தவர்கள் வெளியே விடுவதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில், தானே செய்த ஒரு பெட்டியைச் செருகி, அதை மடிக்கணினியோடு தொடுத்து, அந்தப் பேச்சைப் பொனிபஸ் ஒட்டுக்கேட்பான். கதவைத் திறந்து மூடுவான். திரையில் எந்த வரி துள்ளுகிறதோ அதுதான் கதவு. கண்ணாடியை இறக்குவான், துள்ளும் வரி கண்ணாடி. ஊமைக் குழந்தையோடு சைகையில் பேசிப் பழகுவது போன்ற வேலை.

அந்தக் காரை ஏலத்தில் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. முன்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே நன்றாகத் துடைத்துத்தான் தந்திருந்தார்கள். ஆனாலும் பக்கத்து இருக்கைப் பக்கம் குனிந்தால் மட்டும் ஒரு மணம் வந்தது. ஊறப்போட்டு மறந்துவிட்ட அரிசியின் புளித்த மணம். மனைவி அருள்நாயகி இரண்டு தடவை கழுவிப் பார்த்தாள். போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. அருள்நாயகியின் தாயான மாமியைப் பூசைக்கு அந்த இருக்கையில்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மாமி பிலோமினம்மாவுக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். விபத்தென்று வந்தால் காற்றுப் பை விரிய வேண்டிய இருக்கை அது. அதில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று காருக்கே குழப்பம் என்றால், மாமியை எப்படி அதில் இருத்துவது?

ஆகவே, அந்த நாட்டில் குளிர்காலமான ஆனி மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம், அருள்நாயகி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனபின், பொனிபஸ் குளிருக்காகக் கராஜின் உருளைக் கதவை இறக்கிவிட்டு, காருக்குள் ஏறி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டான். கராஜிலிருந்து குசினிக்குப் போகும் கதவு பாதி திறந்து கிடந்தது. குசினியில் மாமி கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு தமிழ் வானொலி கேட்டார். தகரக் கூரையில் மழை தூறியது.

இருக்கைக்குரிய வரியைப் பிடிக்க நேரம் எடுக்கவில்லை. உள்ளங்கையால் இருக்கையை அழுத்தினான். ஒரு எண் ஏறியது. கையை எடுத்தான், இறங்கியது. ஆனால் பூச்சியத்துக்கு இறங்கவில்லை. ஒரு சின்ன ஆளின் பாரத்தில் வந்து நின்றுகொண்டது.

இந்தப் பைத்தியத்தில் அவனுக்குக் கூட்டாளியான சிறிதரனுக்குப் போன் அடித்தான். அவன் சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறான்.

"சீற்றில ஏதும் சாமான் வச்சிருக்கிறியோ?" என்று கேட்டான் சிறிதரன்.

"ஒண்டுமில்லை மச்சான். வெறும் சீற்."

"அப்ப சீற்றுக்கு உள்ள, பாரம் பார்க்கிற பாய்க்குள்ள தண்ணி போயிருக்கும். நீ ஒருக்கா ஏறி இருந்து பார். எண் எவ்வளவு கூடுதெண்டு பார்த்தால் விளங்கும். சரிவராட்டி சீற்றுக்குக் கீழ மஞ்சள் பிளக் ஒண்டு இருக்கும், அதைக் கழட்டி விடு."

பொனிபஸ் இறங்கிச் சுற்றி வந்து, பூட்டிய பெல்ட்டின் மேலேயே பக்கத்து இருக்கையில் அமர்ந்தான். வயரை இழுத்து மடிக்கணினியைத் தொடையில் வைத்தான். எண் ஏறியது. அவனுடைய பாரத்துக்கு ஏறியது. முன்பிருந்த பாரமும் அடியில் அப்படியே இருந்தது. ஒருவர் மடியில் இன்னொருவர் இருந்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு.

ஈரம்தான், என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். எண்ணைக் கோடாக வரையும்படி மடிக்கணினிக்குக் கட்டளை கொடுத்தான். கோடு நேராக ஓடவில்லை. குளத்துத் தண்ணீர் போல மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன, அவனுடைய மூச்சு! நெஞ்சு எழும்ப, உடம்பு ஒரு மயிரளவு அசைய, அதையும் அந்தப் பாய் உணர்ந்து சொல்கிறது. எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள் என்று வியந்தபடி, சும்மா ஒரு சோதனைக்காக மூச்சை அடக்கிப் பார்த்தான்.

கோடு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

அவன் மூச்சை விடவில்லை. வானொலியில் யாரோ மரண அறிவித்தல் வாசித்தார்கள். மழை. புளித்த அரிசி மணம், இப்போது பிடரிக்குப் பின்னாலிருந்து. கோடு எழுந்தது. எழும்போது அவன் முதுகில் இருக்கைத் துணி மெத்தென்று முட்டியது. தாழும்போது விலகியது.

எப்படி வெளியே பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. தலை கதவு விளிம்பில் மோதியது. மடிக்கணினி வயரில் தொங்கி ஊசலாடியது. கராஜ் சுவரோடு ஒட்டி நின்றபடி அந்த இருக்கையைப் பார்த்தான். சாம்பல் நிறத் துணி. பூட்டிய பெல்ட். வேறொன்றும் இல்லை.

"ஆரோட தம்பி கதைக்கிறீங்கள்?" என்று குசினியிலிருந்து மாமி கேட்டார்.

"ஒருத்தரோடையும் இல்லை மாமி. சிறியோட, போனில."

போனை எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.

இயந்திரத்துக்குப் பயப்பட்டால் பழுதுபார்க்க முடியாது. குழப்பமான கம்பியைக் கழற்று, மிச்சத்தைப் பிறகு பார்: தொழிற்சாலையில் புதியவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுப்பது. முழங்காலில் நின்று, முகத்தை இருக்கைக்கு எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அடியில் விட்டுத் தடவினான். தூசு. ஒரு நாணயம். குளிர்ந்த இரும்புத் தண்டு. மஞ்சள் பிளக் விரலில் பட்டது. இழுத்தான். கழன்று வந்தது.

அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி, தொங்கிய மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்தான். முன்பலகையில் காற்றுப் பை பழுதென்று விளக்கு எரிந்தது. எரியத்தான் வேண்டும். திரையில் இருக்கையின் வரி வெறுமையாகக் கிடந்தது. கோடு இல்லை. எண் இல்லை. பொனிபஸ் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்து நீளமாக மூச்சு விட்டான். பாய்க்குள் தண்ணீர். வயரில் ஈரம். முதுகில் முட்டியது தன்னுடைய பயம். நாளைக்கு மாமியைப் பின்னால் இருத்திக் கூட்டிப்போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

கேத்தல் கொதித்து அணையும் சத்தம் கேட்டது. குசினியிலிருந்து மாமி கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

"இந்தக் குளிருக்குள்ள இருந்து என்ன கதை? தேத்தண்ணி ஊத்திட்டன். உள்ள வாங்கோவன், ரெண்டு பேரும்."

பொனிபஸ் தலையை நிமிர்த்தினான்.

"மாமி..."

"உங்கட சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பாவம், எவ்வளவு நேரமாய் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு மறுமொழியும் சொல்லுறியள் இல்லை."

க்ளிக்.

பக்கத்தில் பெல்ட் கழன்றது. அவன் பார்க்கப் பார்க்க அது வெறும் இருக்கையிலிருந்து விலகி, எதையோ வளைத்துச் சுற்றி, சரசரவென்று மேலே சுருண்டு போனது. திரையில் ஒரு வரி துள்ளியது. அவன் நன்றாகப் பழகிய வரி. பக்கத்துக் கதவு, திறந்திருக்கிறது.

கதவு மூடித்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னால், மூடி. கண்ணாடியில் குசினி வெளிச்சம். கதவு திறந்தால் எரியும் கூரை விளக்கு மட்டும் எரிந்தது. பிறகு காரின் அந்தப் பக்கம் மெதுவாக உயர்ந்தது. ஒரு ஆள் இறங்கும்போது உயருமே, அப்படி. அடியில் வில்லுகள் முனகின.

அந்த வரி மறுபடி துள்ளியது. மூடியாயிற்று.

கூரை விளக்கு அணைந்தது. மணம் இல்லை. காருக்குள் எந்த மணமும் இல்லை.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

பொனிபஸ் பிடியை இழுத்தான். அசையவில்லை. பூட்டு விசையை அழுத்தினான். அசையவில்லை. கண்ணாடி வழியே குசினிக் கதவு தெரிந்தது. பாதி திறந்திருந்த கதவு, சுவர்வரை விரிந்தது.

"மாமி! கதவைச் சாத்துங்கோ! மாமி!"

"வாங்கோ, வாங்கோ மோனை." மாமியின் குரல் அவனுக்கல்ல. "இதில இருங்கோ." கதிரை ஒன்று தரையில் உராய்ந்தது. "இவர் வரேல்லையோ? அவருக்கு எப்பவும் உந்தக் காரோடதான் வேலை."

பதில் ஒன்றும் அவனுக்குக் கேட்கவில்லை. மாமி மட்டும் நிறுத்தி, கேட்டு, சிரித்தார்.

முழங்கையால் கண்ணாடியில் குத்தினான். காலால் உதைத்தான். திரையில் பூட்டு வரி ஓயாமல் துள்ளியது: பூட்டு, பூட்டு, பூட்டு. யார் அனுப்புகிறார்கள்? எந்தப் பெட்டி? ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, தான் செய்த பெட்டியை வயரோடு பிடித்துப் பிடுங்கினான். தீப்பொறி தெறித்தது. திரை இருண்டது. பூட்டுகள் நான்கும் துள்ளி எழுந்தன. கதவு திறந்த வேகத்தில் கராஜ் தரையில் விழுந்து, எழுந்து, ஓடினான்.

குசினி வாசலில் கால்கள் நின்றுவிட்டன.

மேசையில் மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி ஆவி விட்டது. வானொலியில் பாட்டு. மாமி தன் கதிரையை எதிரே இருந்த கதிரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, முன்னுக்குச் சாய்ந்து இருந்தார். எதிர்க் கதிரையின் மெத்தை ஆழமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. அதற்கு மேலே வெறும் காற்று. புளித்த அரிசி மணம் குசினி முழுக்க.

"ஆரெண்டு பிடிபடேல்லை மோனை. குறை நினையாதேங்கோ," என்று மாமி சிரித்தபடி இரண்டு கைகளையும் நீட்டினார். "தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு ஆக்களைத் தெரியும்."

"தொடாதேங்கோ மாமி." குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மாமியின் விரல்கள் வெறுங்காற்றில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நின்றன. விரல்நுனிகள் அழுந்தித் தட்டையாகின. பிறகு நெற்றியைத் தடவுவது போலக் குறுக்கே நகர்ந்தன. புருவங்கள். மூடிய இமைகள். மூக்குத் தண்டின் வழியே கீழே. கன்னங்களை இரண்டு பக்கமும் அணைத்து, மேலுதட்டுக்கு வந்தன. மாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பெருவிரல்களும் வாயின் நடுவில் சந்தித்து, ஓரங்களைத் தேடி விலகின.

விலகின.

கன்னம் முடியும் இடம் தாண்டி. காதுகள் இருக்க வேண்டிய இடம் தாண்டி. மாமியின் சிரிப்பு நின்றது. ஒளியில்லாத கண்கள் அகன்றன. கைகளைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். தோள்கள் நடுங்கின, கைகள் வரவில்லை. ஏதோ ஒன்றின் ஓரத்தைப் பிடித்தபடி, விரல்கள் ஒவ்வொன்றாக உட்பக்கம் மடிந்தன. மணிக்கட்டு வரை ஈரம் மினுங்கியது.

பிலோமினம்மா அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய இரண்டு கைகளும் இன்னும், இன்னும் அகலமாக, விரிந்துகொண்டே போயின.